மேட்ச் எந்த நம்பரில் வருகிறது? அம்மாப்பேட்டை கேபிள் லைனிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரு கிரிக்கெட் தொடரின் டிவி ரேட்டிங் குறைந்துவிட்டால், “சனங்களுக்கு ஆர்வம் போய்விட்டது” என்று அடுத்த நாளே எழுதிவிடுகிறார்கள். நான் சேலம் அம்மாப்பேட்டையில் கேபிள் லைன் நடத்துகிறவன். மேட்ச் நாளில் வீடுகளிலிருந்து என்ன போன் வருகிறது என்று எனக்குத் தெரியும். “ஆட்டம் பிடிக்கவில்லை” என்று யாரும் போன் செய்ததில்லை. “எந்த நம்பர்ல வருது?”, “எங்க பேக்கேஜ்ல இருக்கா?”, “தமிழ்ல எங்க போடறாங்க?” இவைதான் கேள்விகள். இந்த மூன்றுக்கும் பதில் கிடைப்பதற்குள் பாதி ஆட்டம் முடிந்துவிடும்.

நேரடி விளையாட்டின் ரேட்டிங் எவ்வளவு பேர் பார்க்க விரும்பினார்கள் என்பதை மட்டும் காட்டுவதில்லை, அந்த ஆட்டத்தை எந்த இடத்தில் வைத்தார்கள் என்பதையும் சேர்த்துத்தான் காட்டுகிறது. பெரிய ஆட்டத்தில் இது கொஞ்சம்தான் தெரியும், சின்ன ஆட்டத்தில் முழுக்க முழுக்கத் தெரியும். எங்கள் லைனில் நான் பார்த்த சில நிகழ்வுகளை வைத்து அதை விளக்கப் பார்க்கிறேன். என்னிடம் ரேட்டிங் மீட்டர் கிடையாது. இருப்பது போன் அழைப்புகளும், வசூலுக்குப் போகும்போது வாசலில் நடக்கும் பேச்சும்தான்.

முதலில் ரேட்டிங் எப்படி வருகிறது என்று பார்த்துவிடுவோம். இந்தியாவில் 2015 முதல் இதைச் செய்வது பார்க் (BARC) என்ற அமைப்பு. நாடு முழுவதும் 50,000-க்கும் மேற்பட்ட வீடுகளில் மீட்டர் வைத்திருக்கிறார்கள். சானல்காரர்கள் தங்கள் ஒலியில், காதுக்குக் கேட்காத ஓர் அடையாளக் குறியைச் சேர்த்து அனுப்புகிறார்கள். மீட்டர் அந்தக் குறியைப் பிடித்து, இந்த வீட்டில் இந்த நிமிடம் இந்தச் சானல் ஓடியது என்று பதிவு செய்யும். மீட்டருக்கு மேட்ச் தெரியாது, சானல்தான் தெரியும். ஒரே பந்து, ஒரே கேமரா, ஒரே படம் என்றாலும் இரண்டு சானலில் வந்தால் அது இரண்டு கணக்கு.

எத்தனை பேர் எட்டிப் பார்த்தார்கள் என்பதும், பார்த்தவர்கள் எவ்வளவு நேரம் நின்றார்கள் என்பதும் சேர்ந்துதான் ரேட்டிங். நிற்கும் நேரத்தை ஆட்டம் தீர்மானிக்கும். எட்டிப் பார்ப்பவர் எண்ணிக்கையைப் பெரும்பாலும் சானல் இருக்கும் இடம் தீர்மானிக்கும். சீரியலை மறுநாள் மதியம் மறுஒளிபரப்பில் பிடித்துக்கொள்ளலாம். கடைசி ஓவரை அப்படிப் பிடிக்க முடியாது. எட்டிப் பார்க்காமல் போன ஆள் போனவர்தான்.

சேப்பாக்கம் மேட்ச், 2017 செப்டம்பர்

இந்திய அணியின் முக்கிய ஆட்டங்களின் ஒளிபரப்பைத் தனியார் வாங்கியிருந்தாலும், அந்த சிக்னலைத் தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதியோடு பகிர வேண்டும் என்று 2007-இல் சட்டம் வந்தது. விளம்பர வருமானத்தில் உரிமைதாரருக்கு 75 பங்கு, பிரசார் பாரதிக்கு 25 பங்கு. இன்னொரு பக்கம், 1995-ஆம் ஆண்டின் கேபிள் சட்டப்படி தூர்தர்ஷன் சானல்களை நாங்கள் கட்டாயம் தரவேண்டும். இரண்டும் சேர்ந்து என்ன ஆயிற்று என்றால், காசு கட்டி விளையாட்டுச் சானல் வாங்காத வீட்டிலும் டிடியைப் போட்டால் மேட்ச் வந்தது. கேபிள் வழியாகவே வந்தது.

இதை எதிர்த்து நடந்த வழக்கில் 2017 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பகிரப்பட்ட சிக்னலைத் தூர்தர்ஷன் தன் தரைவழி ஒளிபரப்பிலும், தன் இலவச டிடிஎச்சான ஃப்ரீ டிஷ்ஷிலும் மட்டும் காட்டலாம். கேபிள், தனியார் டிடிஎச் வழியாகப் போகும் டிடியில் காட்டக் கூடாது.

தீர்ப்பு வந்தபோது எங்கள் பகுதியில் யாரும் கவனிக்கவில்லை. அப்போது இந்திய அணி இலங்கையில் ஆடிக்கொண்டிருந்தது. விஷயம் உறைத்தது செப்டம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவோடு முதல் ஒருநாள் போட்டி. மதியம் ஒன்றரை மணிக்கு ஆட்டம் ஆரம்பித்ததும் போன் அடிக்கத் தொடங்கியது.

“அண்ணா, டிடில மேட்ச் காணோம். லைன் போச்சா?”

“லைன் நல்லாத்தான் இருக்குங்க. இனிமே டிடில வராது.”

“ஏன் வராது? நம்ம ஊரு மேட்சு, மெட்ராஸ்ல நடக்குது!”

இதற்கு என்ன பதில் சொல்ல? தீர்ப்பைப் பற்றி விளக்கினேன். கேட்டவர்களுக்குக் கோர்ட் விவகாரம் புரிந்தது. நேற்றுவரை வந்தது இன்றைக்கு ஏன் இல்லை என்பதுதான் புரியவில்லை.

அன்றைய ஆட்டத்தின் போக்கே ஒரு சோதனைபோல் அமைந்தது. இந்தியா 11 ரன்னுக்கு 3 விக்கெட், அப்புறம் 87-க்கு 5. அந்த நேரத்தில் மேட்ச்சைத் தேடி எடுக்க யாரும் மெனக்கெடவில்லை. டிடியில் இல்லையா, சரி, ஞாயிற்றுக்கிழமைப் படம் எதையாவது பார்ப்போம் என்று போய்விட்டார்கள். பிறகு தோனியும் ஹர்திக் பாண்டியாவும் நின்று ஆடினார்கள். தோனி 79, பாண்டியா 83. தெருவில் செய்தி பரவிய பிறகு இரண்டாவது அலையாகப் போன் வந்தது. இந்த முறை “ஏன் வரவில்லை” என்று யாரும் கேட்கவில்லை. “எந்த நம்பர்ல?” என்றுதான் கேட்டார்கள். இன்னிங்ஸ் முடிந்ததும் மழை. ஆஸ்திரேலியாவுக்கு 21 ஓவரில் 164 என்று மாற்றிக் கொடுத்து, ஆட்டம் மறுபடி தொடங்கியபோது ராத்திரி. மழை நேரத்தில் சானலை மாற்றியவர்களில் பலர் திரும்பி வரவில்லை. இந்தியா ஜெயித்ததை மறுநாள் பேப்பரில் படித்த வீடுகள் எங்கள் லைனில் உண்டு.

விளையாட்டுச் சானல் அன்றைக்கு எங்கே இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். சேலத்தில் அப்போது பாதி வீட்டில் பாக்ஸ், பாதி வீட்டில் பழைய அனலாக். அனலாக்கில் இடம் என்றால் அலைவரிசைதான். கீழ் அலைவரிசையான பிரைம் பேண்டில் படம் கண்ணாடி மாதிரி இருக்கும், எல்லா டிவியிலும் வரும். கட்டாயச் சானலான டிடிக்குச் சட்டப்படியே அங்கே இடம். மேலே போகப் போக, ஹைப்பர் பேண்டில், பழைய டிவிகள் பிடிக்கவே பிடிக்காது. பிடித்தாலும் லைனின் கடைசி வீட்டில் புள்ளி புள்ளியாகத்தான் தெரியும். நல்ல பேண்டில் இடம் பிடிக்கச் சானல்கள் கேரியேஜ் கட்டணம் கட்டிய காலம் அது. எங்கள் லைனில் விளையாட்டுச் சானல்கள் மேலேதான் இருந்தன. முதல் பேண்டிலிருந்து கடைசி பேண்டுக்கு ஒரே நாளில் மேட்ச் இடம் மாறியது என்றுதான் அந்த ஞாயிற்றுக்கிழமையை நான் புரிந்துகொண்டேன்.

தமிழ் வர்ணனைக்கென்று ஸ்டார் ஸ்போர்ட்ஸ் 1 தமிழ் அதே ஆண்டு மே மாதக் கடைசியில்தான் தொடங்கியிருந்தது. அப்படியொரு சானல் இருப்பதே எங்கள் பக்கம் பலருக்குத் தெரியாது.

மலைமேல் வேறு கதை

இதே நாட்களில் ஏற்காட்டில் நிலைமை தலைகீழ். சேவராயன் மலையில், சேலத்திலிருந்து முப்பது கிலோமீட்டர்தான். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் போதும். ஆனால் காபி எஸ்டேட்டுகளில் வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கும். கேபிள் இழுத்துக்கொண்டு போய்க் கட்டுப்படியாகாது. எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் நிறையப் பேர் ஃப்ரீ டிஷ் போட்டிருந்தார்கள். மாதக் காசு கிடையாது, ஒருமுறை குடை ஆன்டெனாவும் பாக்ஸும் வாங்கினால் முடிந்தது. அதன் செயற்கைக்கோள் கிழக்கு 93.5 பாகையில் இருப்பதால், நம் பக்கத்தில் குடை தென்கிழக்கே உயரமாகப் பார்க்க வேண்டும். எஸ்டேட்டில் நிழலுக்கு வைத்திருக்கும் சில்வர் ஓக் மரம் அந்தத் திசையில் ஒன்று நின்றாலும் சிக்னல் போச்சு. அதனால் குடை கூரைமேல் இருக்காது. மரம் இல்லாத வெட்டவெளியைத் தேடி, சில சமயம் களத்து மேட்டில் கம்பு நட்டு மாட்டி, அங்கிருந்து வீட்டுக்கு வயர் இழுத்திருப்பார்கள். கனமழை வந்தால் படம் உறைந்து நிற்கும்.

இத்தனை சிரமத்தோடும் அவர்களுக்கு மேட்ச் டிடியிலேயே கிடைத்தது. மாதாமாதம் காசு கட்டிக் கேபிள் பார்க்கும் அம்மாப்பேட்டைக்காரருக்கு டிடியில் கிடைக்கவில்லை. ஒரே மாவட்டம், ஒரே ஆட்டம், ஒரே மக்கள். மலையில் இருப்பவருக்கு அது முதல் சில பொத்தான்களுக்குள், கீழே இருப்பவருக்கு எங்கோ கடைசியில். இந்த இரண்டு வீட்டிலும் மீட்டர் வைத்தால் வரும் வித்தியாசத்துக்கும் கிரிக்கெட் ஆர்வத்துக்கும் என்ன தொடர்பு? மலைக்காரர்கள் கிரிக்கெட் பைத்தியங்கள் என்றா எழுத முடியும்?

தீர்ப்பு தவறு என்று நான் சொல்ல வரவில்லை. பல ஆயிரம் கோடி கொடுத்து உரிமை வாங்கியவர், அதே படம் பக்கத்துச் சானலில் இலவசமாக ஓடினால் நட்டப்படுவார் என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. நான் கேட்பது ரேட்டிங்கைப் படிப்பவர்களிடம். தீர்ப்புக்கு முந்திய எண்ணையும் பிந்திய எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆர்வத்தை அளக்காதீர்கள்.

இங்கிலாந்தில் இது பெரிய அளவிலேயே நடந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவோடு ஆடிய 2005 ஆஷஸ் தொடர் இலவசச் சானலான சேனல் 4-இல் வந்தபோது உச்சக்கட்டத்தில் 84 லட்சம் பேர் பார்த்தார்கள். 2009-இல் அதே ஆஷஸ், அதே எதிரணி, மறுபடி இங்கிலாந்துக்கே வெற்றி. ஆனால் கட்டணச் சானலான ஸ்கையில் உச்சம் 19 லட்சத்தைச் சுற்றித்தான். நான்கு வருடத்தில் கிரிக்கெட் ரசிகர்கள் கால்வாசியாகவா சுருங்கிவிட்டார்கள்? 2019 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தை ஸ்கை சேனல் 4-க்கும் பகிர்ந்து கொடுத்தபோது, இரண்டும் சேர்த்து 80 லட்சத்தைத் தாண்டியது. ஆட்கள் அங்கேயேதான் இருந்திருக்கிறார்கள்.

பேக்கேஜ் என்ற இரண்டாவது கதவு

2019 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் புதிய கட்டண முறை வந்தது. 100 சானலுக்கு அடிப்படைக் கட்டணம் 130 ரூபாயும் வரியும். கட்டணச் சானல்களைத் தனித்தனியாகவோ தொகுப்பாகவோ தேர்ந்தெடுக்க வேண்டும். அதுவரை என்ன இருக்கிறதென்றே பார்க்காமல் மொத்தமாக வாங்கிக்கொண்டிருந்த வீடுகள், முதல்முறையாகப் பட்டியலை உட்கார்ந்து பார்த்தன. வசூலுக்குப் போன இடத்தில் ஒரு தறிக்கார அம்மா சொன்னது நினைவிருக்கிறது: “சீரியல் சானலு ரெண்டு, குழந்தைக்கு ஒண்ணு, பாட்டு ஒண்ணு போதும் சாமி. மேட்ச்சு எப்பவாச்சும் வருது, அதுக்கு மாசாமாசம் எதுக்கு?”

கணக்கு சரிதான். ஆனால் விளைவு என்ன? விளையாட்டுச் சானல் அந்த வீட்டின் ரிமோட்டிலிருந்தே போய்விட்டது. ஐபிஎல் வந்தால் கேட்டு வாங்குவார்கள், முடிந்ததும் எடுத்துவிடச் சொல்வார்கள். ஐபிஎல் தொடருக்கு அதனால் பெரிய நட்டமில்லை. நடுவில் வரும் உள்ளூர்க் கோப்பை, பெண்கள் கிரிக்கெட், கபடி, ஹாக்கி இவையெல்லாம் சானல் இல்லாத வீட்டுக்குள் நுழைய வழியே இல்லை.

இருக்கிற வீட்டிலும் எங்கே இருக்கிறது என்பது அடுத்த பிரச்சினை. ஒரே மொழியில் ஒரே வகைச் சானல்களைத் தொடர்ச்சியாக வைக்க வேண்டும், ஒரு சானலுக்கு ஒரு இடம்தான், கொடுத்த எண்ணை ஒரு வருடத்துக்கு அனுமதி இல்லாமல் மாற்றக் கூடாது என்று விதி இருக்கிறது. விதி நல்லது. வகைக்குள் மொழி, அல்லது மொழிக்குள் வகை என்று இரண்டு விதமாக அடுக்கலாம். மொழிக்குள் வகை என்று அடுக்கினால், தமிழ்ச் சீரியல், தமிழ்ப் படம், தமிழ்ப் பாட்டு, தமிழ்ச் செய்தி பார்த்துக்கொண்டே மேலே போகும் கை தமிழ் விளையாட்டையும் தொடும். வகைக்குள் மொழி என்றால் விளையாட்டுச் சானல்கள் எல்லாம் வேறொரு நூறில் போய் உட்காரும். எண்ணை மனப்பாடமாக வைத்திருப்பவர் மட்டும்தான் அங்கே போவார்.

ஒரு சமயம் எங்களுக்குச் சிக்னல் தரும் நிறுவனம் எண்களை மாற்றி அடுக்கியது. சீரியல் சானல் எண் மாறியதற்கு அன்று மாலைக்குள் எல்லோரும் கூப்பிட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். விளையாட்டுச் சானல் எண் மாறியதைப் பல வீடுகள் அடுத்த பெரிய மேட்ச்வரை கவனிக்கவே இல்லை. இடைப்பட்ட மாதங்களில் அந்தச் சானலில் வந்த ஆட்டங்களுக்கு எங்கள் தெருவில் ரேட்டிங் எப்படி இருந்திருக்கும்?

மாலை ஏழிலிருந்து பத்துவரை பெரும்பாலான வீட்டில் ரிமோட் அம்மா கையில், அல்லது பாட்டி கையில். சீரியலில் விளம்பர இடைவேளை வரும்போதுதான் மற்றவர்களுக்கு வாய்ப்பு. “ஸ்கோர் மட்டும் பாத்துட்டுத் தர்றேன்மா” என்று பையன் வாங்குவான். இரண்டு மூன்று நிமிடம்தான் அவனுக்கு. மேட்ச் நாலு பொத்தானுக்குள் இருந்தால் பார்ப்பான். விக்கெட் விழுந்த நேரமாக இருந்தால் பாட்டியும் பார்ப்பார், ரிமோட் உடனே திரும்பிப் போகாது. மேட்ச் தொலைவில் இருந்தால் அவன் போனில் ஸ்கோரைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்வான். பார்வையாளர் ஒருவர் சேர்வதும் சேராமல் போவதும் அந்த மூன்று நிமிடத்தில்தான்.

மீட்டருக்குத் தெரியாத பார்வையும் சேலத்தில் நிறைய. கொலுசுப் பட்டறையில் பொடி வைத்து ஊதும் இடத்துக்கு எதிரே சுவரில் டிவி இருக்கும். காலையில் மேட்ச் வைத்தால் ஆட்டம் முடியும்வரை யாரும் ரிமோட்டைத் தொடுவதில்லை. தறிக்கூடத்தில் பவர்லூம் சத்தத்தில் வர்ணனை ஒன்றும் கேட்காது, ஓரத்தில் ஓடும் ஸ்கோர்தான் எல்லாம். இங்கே சானல் எண் ஒரு பொருட்டே இல்லை, ஒருமுறை வைத்தால் வைத்ததுதான். நாள் முழுக்கப் பார்க்கும் இந்த ஆட்கள் வீட்டு மீட்டர் கணக்கில் வரமாட்டார்கள்.

வாழப்பாடியும் சின்னப்பம்பட்டியும்

எனக்கு இதில் மனது வலிக்கும் இடம் தமிழ்நாடு பிரீமியர் லீக் என்ற டிஎன்பிஎல்தான். 2016-இல் தொடங்கிய தொடர். வாழப்பாடி பக்கத்தில் சேலம் கிரிக்கெட் ஃபவுண்டேஷன் மைதானம் 2020 பிப்ரவரியில் திறக்கப்பட்டது, ராகுல் டிராவிட் வந்திருந்தார். 2022 முதல் அங்கே டிஎன்பிஎல் ஆட்டங்கள் நடக்கின்றன. சேலம் ஸ்பார்ட்டன்ஸ் என்று நம் ஊர்ப் பெயரிலேயே அணி இருக்கிறது. ஆட்டத்தன்று ஆத்தூர் ரோட்டில் இளவட்டங்கள் பைக்கில் போவதைப் பார்த்தால் ஆர்வம் இல்லை என்று ஒருவர் சொல்ல முடியாது.

அதே ஆட்டம், அதே மாலை, என் லைனில் எத்தனை வீட்டில் ஓடுகிறது? வசூலுக்குப் போகும் வழியில் காதைக் கொடுத்துக் கேட்டால் சீரியல் பாட்டுதான். கேட்டுப் பார்த்தேன். “நம்ம வாழப்பாடில நடக்குதுன்னு தெரியும்ணா, டிவில காட்டறாங்களா என்ன?” என்றார் ஒரு கல்லூரிப் பையன். அவர் வீட்டில் ஆட்டத்தைக் காட்டும் சானல் இருந்தது. ஐபிஎல்லுக்காகப் போட்டு, எடுக்காமல் விட்டிருந்தார்கள். மாலை 7.15-க்குத் தொடங்கும் ஆட்டம் சீரியல் நேரத்தோடு நேருக்கு நேர் மோதுகிறது, அதிலும் தொலைவான எண்ணில் நின்றுகொண்டு.

இந்தியா – பாகிஸ்தான் ஆட்டத்தைச் செவ்வாய்க் கிரகத்தில் வைத்தாலும் நம் ஆள் தேடிப் போவார். டிஎன்பிஎல் போன்ற ஆட்டத்துக்குப் பார்வையாளர் தேடி வருவதில்லை, தடுக்கி விழுந்துதான் வருவார். தடுக்குகிற இடத்தில் அதை வைக்காமல், ரேட்டிங் வரவில்லை என்று விளம்பரதாரர் காசைக் குறைத்தால், குறைந்த காசில் அடுத்த வருடம் இன்னும் மோசமான இடம்தான் கிடைக்கும்.

பந்து வீச்சாளர் நடராஜன் விஷயத்திலும் இதைப் பார்த்தேன். சின்னப்பம்பட்டி நம் மாவட்டம். 2020 டிசம்பர் 2 அன்று கான்பெராவில் இந்தியாவுக்காக முதல் ஒருநாள் போட்டி ஆடினார், லபுஷேன்தான் முதல் விக்கெட். அந்தத் தொடர் சோனியில். சோனிக்குத் தமிழ், தெலுங்குக்கென்று தனிச் சானலாகச் சோனி டென் 4 வந்தது 2021 ஜூனில்தான். எங்கள் வாடிக்கையாளர் பலரிடம் சோனி விளையாட்டுச் சானல் பேக்கேஜிலேயே இல்லை. ஆட்டம் காலையிலேயே ஆரம்பிக்க, சேர்த்துவிடச் சொல்லி ஒருவர்பின் ஒருவராகக் கூப்பிட்டார்கள். 2021 ஜனவரியில் ஊர் திரும்பியவரைச் சாரட் வண்டியில் ஊர்வலமாக அழைத்துப் போனார்கள். அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் அவர் பந்து வீசியதை நேரடியாகத் தங்கள் வீட்டு டிவியில் பார்த்திருப்பார்கள் என்று அப்போதே யோசித்தேன்.

2023 ஐபிஎல்லை ஜியோ சினிமா போனில் இலவசமாகக் கொடுத்த பிறகு இளைஞர்கள் டிவியை விட்டுப் போனது உண்மை. அதிலும் இடம்தான் காரணம், போன் கையிலேயே இருக்கிறது. அந்தப் பார்வை டிவி ரேட்டிங்கில் சேராது என்பதை நினைவில் வைத்தால் போதும்.

இனி என்ன செய்யலாம்

சேலத்துக் கடைக்காரர்கள் உள்ளூர் ஆட்டத்துக்கு விளம்பரம் கொடுப்பதாக இருந்தால், ரேட்டிங் எண்ணை மட்டும் கேட்காதீர்கள். ஆட்டம் எத்தனை சானலில் பிரிந்து போனது, அந்தச் சானல் எத்தனை வீட்டுப் பேக்கேஜில் இருக்கிறது, பார்த்தவர் சராசரியாக எத்தனை நிமிடம் நின்றார் என்று கேளுங்கள். எட்டிப் பார்த்தவர் குறைவு, ஆனால் நின்ற நேரம் அதிகம் என்று பதில் வந்தால், ஆட்டம் நன்றாக இருக்கிறது, வைத்த இடம்தான் மோசம் என்று அர்த்தம்.

போஸ்டரில் சானல் சின்னத்தைப் போட்டால் பத்தாது. சேலத்தில் ஓடும் ஒவ்வொரு கேபிளிலும், டிடிஎச்சிலும் என்ன எண் என்று அச்சடிக்க வேண்டும். தொடர் நடக்கும் வாரங்களில் எங்கள் உள்ளூர்ச் சானலின் அடியில் அந்த எண்ணை ஓடவிட நான் தயார், காசு வேண்டாம்.

அதைவிடப் பெரிய வழி ஒன்று இருக்கிறது. 2017 தீர்ப்பு தடுத்தது, சட்டப்படி கட்டாயமாகப் பகிரப்படும் சிக்னலைத்தான். மாநில லீக் ஆட்டம் அந்தக் கட்டாயப் பட்டியலில் வருவதில்லை. உரிமை வைத்திருப்பவர் சம்மதித்து, டிஎன்பிஎல்லில் சேலத்தில் நடக்கும் ஆட்டங்களை மட்டுமாவது டிடி தமிழுக்கு நேரடியாகக் கொடுத்தால், அது கேபிளிலும் வரும், எஸ்டேட் லைன் வீட்டு ஃப்ரீ டிஷ்ஷிலும் வரும், தனிக் கட்டணமும் இல்லை. எல்லாப் பாக்ஸிலும் கட்டாயம் இருக்கும் சானல் அது. குறுக்கே நிற்பது ஒளிபரப்பு ஒப்பந்தத்தில் ஒருவருக்கு மட்டுமே உரிமை என்ற பிரிவு மட்டும்தான். அடுத்த ஒப்பந்தம் எழுதும்போது தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் அந்த ஒரு பிரிவை மாற்றிப் பார்க்கட்டும். ஒரு சீசன் போதும், அதே மீட்டர்களே வித்தியாசத்தைக் காட்டிவிடும்.